மூன்று கட்டையில் ஒரு ஜோடிப் பாட்டு

பேட்டி எடுக்க வருகிறவர்கள் கடைசியில் ஒரே கேள்விக்கு வந்து நிற்பார்கள். இத்தனை பேரோடு சேர்ந்து பாடியிருக்கிறீர்களே, அதில் உங்களுக்கு ரொம்பப் பிடித்தது எது? ஒவ்வொரு தடவையும் நான் ஒவ்வொரு பெயரைச் சொல்வேன். அந்த வாரம் யாருடைய பாட்டு வெளியாகிறதோ அவருடைய பெயர். கேட்கிறவருக்கும் அது தெரியும். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு எழுந்துவிடுவோம்.

சேர்ந்து பாடினேன் என்பதே முதலில் பொய். நான் ராக் பாடகன். கிதாரும் உண்டு, ஆனால் என்னைக் கூப்பிடுவது தொண்டைக்காகத்தான். கடைசிச் சரணத்தில் ஒருவன் வந்து கத்தவேண்டும் என்றால் என்னைக் கூப்பிடுவார்கள். பெங்களூர் மெட்டல் குழு ஒன்றுக்குக் கத்தியிருக்கிறேன். கானா பாடுகிற ஒருவருக்கு நடுவில் நாலு வரி. ஆடி மாதத்து அம்மன் பாட்டு ஒன்றில் கூட என் குரல் வருகிறது, உடுக்கைக்கும் பம்பைக்கும் இடையில். விருந்தாளிப் பாட்டு என்பது நான் வைத்த பெயர். விருந்தாளி யார் வீட்டுக்கும் போவதில்லை என்பதுதான் வேடிக்கை. போனில் பாட்டு வரும், புதுப்பட்டினத்தில் என் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பாடுவேன், போனிலேயே திருப்பி அனுப்புவேன். நான் யாரோடு உருகி உருகிப் பாடினேன் என்று ஊரே பேசுமோ, அவரை நான் பார்த்தே இருக்கமாட்டேன்.

நிஜமாகச் சேர்ந்து பாடியது ஒருத்தியோடுதான். எந்தப் பாட்டிலும் அவள் பெயர் இல்லை. அப்படி ஆனதற்கு நான்தான் காரணம், வேறு யாரும் இல்லை.

அப்போது எங்களுக்கு ஒரு பேண்ட் இருந்தது. புதுப்பட்டினம் கடைத்தெருவில் ஒரு பேட்டரிக் கடைக்கு மேல் அறை. டிரம்ஸ் வாசித்தவன் படாளத்துக்காரன், வீட்டில் நெல்லும் கரும்பும், அவன் வேன் ஓட்டினான். பேஸ் வாசிக்க யாராவது வருவார்கள், போவார்கள். அவள் குப்பத்துப் பெண். அம்மா மார்க்கெட்டில் மீன் விற்பவர். இவள் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக் கடையில் பில் போட்டாள். வேலை முடிந்து திருக்கழுக்குன்றம் வழியாக ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் வந்து, முகம் கழுவிக்கொண்டு நேராக அறைக்கு வருவாள்.

அவள் குரல் பெண் குரல் மாதிரி இருக்காது. சின்ன வயதிலிருந்து அம்மாவோடு ஏலத்தில் விலை கூவிக் கூவி அது கீழே இறங்கி உட்கார்ந்துவிட்டது என்பாள். இதை எங்கள் தொழிலில் எப்படிச் சொல்வோம் என்றால், ஹார்மோனியத்தில் எந்தக் கட்டையை வைத்துப் பாடுகிறோம் என்று எண்ணிச் சொல்வோம். ஆண்கள் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை. பெண்கள் ஐந்து, ஐந்தரை. அதனால்தான் ஜோடிப் பாட்டில் எப்போதும் தகராறு. ஆணுக்கு வைத்தால் பெண் கிணற்றுக்குள்ளிருந்து பாடுவாள், பெண்ணுக்கு வைத்தால் ஆண் கழுத்து நரம்பு புடைக்கும். எங்களுக்கு அந்தத் தகராறே வரவில்லை. நான் கத்துகிறவன், மூன்று கட்டை வைப்பேன். அவளுக்கும் மூன்று கட்டைதான் வாகு. கோரஸில் இரண்டு பேரும் ஒரே உயரத்தில் நின்று பாடும்போது யார் குரல் எது என்று டிரம்ஸ்காரனுக்கே தெரியாது. அது எல்லாருக்கும் கிடைக்காது என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

அந்தப் பாட்டு பஸ்ஸில் பிறந்தது. கிதாருக்குக் கம்பி வாங்கச் செங்கல்பட்டு போயிருந்தேன். திரும்பும்போது அதே பஸ்ஸில் அவள். ஜன்னல் சீட்டு யாருக்கு என்று சண்டை. "நான் தினிக்கும் வர்றவ. இது என் எடம் அண்ணாத்த, எழுந்திரு" என்றாள். நான் எழுந்திருக்கவில்லை. அவள் விடவில்லை. திருக்கழுக்குன்றம் வருவதற்குள் அந்தச் சண்டையே பாட்டாகிவிட்டது. ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடும் இரண்டு பேர், சண்டை முற்ற முற்ற வீடு, தெரு, கடல் என்று எல்லாவற்றுக்கும் போடுவார்கள். இரண்டாம் சரணத்தின் உச்சியில் அவள் "என் எடம், என் எடம்" என்று ஏறுவாள். கண்டக்டர் டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். புதுப்பட்டினத்தில் இறங்கும்போது ஜன்னல் பக்கம் அவள்தான் உட்கார்ந்திருந்தாள்.

மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட் விழாவில் அதைப் பாடினோம். யாரோ போனில் பிடித்துப் போட்டார்கள். அது சுற்றிச் சுற்றி, சினிமாவில் பாடுகிற ஒரு பெரிய பாடகியின் காதுக்குப் போயிற்று. அவருடைய மேனேஜர் பேசினார். மேடத்துக்குப் பாட்டு பிடித்திருக்கிறது, உங்களோடு ஜோடியாகப் பாட விரும்புகிறார். நான் அப்போது மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். கிளாஸைக் கீழே வைக்க மறந்து, ஆறும்வரை கையிலேயே வைத்திருந்தேன். அடுத்து ஒரு செய்தி வந்தது. மேடத்துக்கு ஐந்து கட்டை, பாட்டின் ஸ்கேலை ஏற்றி, அந்த ஸ்கேலில் டிராக் பாடி அனுப்புங்கள்.

டிராக் என்றால் மாதிரி. பெரிய பாடகர் கேட்டுக் கற்றுக்கொள்வதற்காக வேறொருவர் முதலில் பாடி வைப்பது. பிறகு அதை அழித்துவிட்டு அவர் குரலைப் போடுவார்கள். அது வழக்கம்தான், அதில் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஸ்கேல்தான் விஷயம். மூன்றிலிருந்து ஐந்துக்குப் போனால் நான் கத்திப் பிடித்துவிடுவேன். அவளுக்கு அந்த உச்சி எட்டாது. இரண்டு வருஷம் பக்கத்தில் நின்று பாடியவன், எனக்கு அது தெரியாது என்று சொன்னால் வாய் அழுகிவிடும். "ஓகே சார்" என்று போட்டேன். கட்டைவிரல் படமும் சேர்த்துப் போட்டேன்.

அறையில் சொன்னபோது அவள் சந்தோஷப்பட்டாள். அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. சரணத்துக்கு நீ டிராக் பாடிக் கொடு, பிறகு அதை மேடம் பாடுவார், ஆனால் கோரஸ் நாம் இரண்டு பேரும்தான் என்று நான் வாக்குக் கொடுத்தேன். "சண்ட நம்முளுது, சரணம் அவங்க பாடட்டும், கோரஸ்ல கத்துனா போதும் எனக்கு" என்றாள். அம்மாவிடம் சொல்லப்போவதாகச் சொன்னாள். டிரம்ஸ்காரன் மட்டும் குச்சியைச் சுழற்றிக்கொண்டே, "ஸ்கேலு அதேதான மச்சான்?" என்றான். "கொஞ்சம் மாறும்" என்று மென்று விழுங்கினேன். அவள் அந்த நேரம் படியில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒலிப்பதிவு நெம்மேலியில், கடற்கரைச் சாலையை ஒட்டி ஒரு வீடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போனோம். நான் முதலிலேயே ஒலிப்பதிவாளரிடம் போய் ஸ்கேலை ஏற்றி வைத்தாயிற்றா என்று கேட்டுக்கொண்டேன். அவள் குரலைக் கம்ப்யூட்டரிலேயே தூக்கிவிடலாமே என்றார் அவர். தூக்கினால் பொம்மை பேசுகிற மாதிரி இருக்கும், மேடம் அதைக் கேட்டுப் படிக்கமாட்டார் என்று மேனேஜர் சொல்லிவிட்டிருந்தார். அவளிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஸ்கேல் கணக்கெல்லாம் அவளுக்குத் தெரியாது, பாட்டுப் படித்தவள் இல்லை, இசை ஓடினால் தானாகப் பின்னாலேயே போவாள் என்று எண்ணம். இப்போது எழுதும்போது கூசுகிறது.

கண்ணாடி அறைக்குள் அவள் போனாள், ஹெட்போன் மாட்டினாள். முதல் இசை வந்ததும் தலை சட்டென்று நிமிர்ந்தது. கண்ணாடிக்கு வெளியே நின்ற என்னை ஒரு கணம் பார்த்தாள். நான் பாடு என்று கையைக் காட்டினேன்.

முதல் சரணம் எப்படியோ போயிற்று. இரண்டாம் சரணத்தில் "என் எடம்" என்று ஏறும் இடத்தில் குரல் கிழிந்தது. மறுபடி என்றேன். மறுபடியும் கிழிந்தது. தண்ணீர் குடித்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பாடினாள். சுவரைப் பார்த்து நின்று பாடினாள். ஒவ்வொரு தடவையும் நான் மைக்கில் "இன்னொரு டேக்மா, வந்துடும்" என்றேன். வராது என்று தெரிந்தே சொன்னேன். ஒலிப்பதிவாளர் ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டேன். பதினாலாவது டேக்கில் அந்த உச்சியை அவள் தொட்டாள், தொட்ட இடத்திலேயே குரல் இரண்டாக உடைந்து, உடைந்த குரலிலேயே வரியை முடித்தாள். அதோடு கரண்டு போயிற்று.

வெளியே வந்தாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நெற்றிப் பொட்டு கலைந்திருந்தது. "என் தொண்ட ரிப்பேரு அண்ணாத்த. கோரஸ்ல என்னப் போடாத. அசிங்கமா கீது" என்றாள்.

அப்போது நான் சொல்லியிருக்கவேண்டியது ஒரே ஒரு வாக்கியம். உன் தொண்டையில் ஒன்றும் இல்லை, ஸ்கேலை ஏற்றியது நான். அதற்குப் பதில் "சரிம்மா, ரெஸ்ட் எடு" என்றேன். எனக்கு உள்ளே ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நான் மறக்கவே இல்லை. விலக்குகிற கெட்ட பெயர் எனக்கு வராமல் அவளாகவே விலகிக்கொண்டாள் என்கிற நிம்மதி.

வேனில் திரும்பும்போது அவளைக் குப்பத்து வாசலில் இறக்கிவிட்டோம். டிரம்ஸ்காரன் வண்டியை எடுக்கவில்லை. "ஏத்துனது நீ. அதுக்கு அது தொண்ட இன்னா பண்ணும்? சொன்னியா அதுகிட்ட?" என்றான். சொல்கிறேன் என்றேன். "எப்ப சொல்லுவ?" என்றான். நேரம் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அவன் வண்டியை எடுத்தான். கடைத்தெரு வரும்வரை ஹாரன் மட்டும் தேவைக்கு அதிகமாக அடித்தான்.

கரண்டு போனபோதும் அழியாமல் தப்பிய பதினாலாவது டேக்கைத்தான் மேனேஜருக்கு அனுப்பினோம். பத்து நாளில் மேடத்தின் குரல் வந்தது. கேட்டுவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டுக் கேட்டேன். "என் இடம்" என்று அவர் ஏறுகிறார். அந்த உச்சி அவருக்கு ஒரு பொருட்டே இல்லை, சும்மாவே போய்விடுவார். ஆனால் அங்கே போய்க் குரலை உடைக்கிறார். அவள் எப்படி உடைந்தாளோ அப்படியே. அதே இடத்தில், அதே அளவு. டிராக்கில் இருந்ததைப் படித்திருக்கிறார், ஒரு புள்ளி விடாமல்.

வீடியோ எடுக்க மாமல்லபுரம் கடற்கரைக்கு மேடம் வந்தார். என் ஜோடிப் பாடகியை நான் நேரில் பார்த்தது அந்த ஒரு நாள். நல்ல மனுஷி என்பதையும் சொல்லவேண்டும், அவரைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. குடைக்குக் கீழே உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தவர், "டிராக் பாடினது யாருங்க? அந்த உடையிற இடம் இருக்கே, எனக்கு அப்படி யோசிக்கவே தோணாது. அதை அப்படியே எடுத்துக்கிட்டேன்" என்றார். "லோக்கல்ல ஒரு பொண்ணு மேடம்" என்றேன். பெயர் என்ன என்று கேட்டார். அதற்குள் கேமராக்காரர் கூப்பிட்டார், எழுந்து போய்விட்டேன். கேமராக்காரர் கூப்பிடாமல் இருந்தாலும் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம். "அவங்களுக்கு என் தேங்க்ஸ் சொல்லிடுங்க" என்று பின்னாலிருந்து சொன்னார். சொல்கிறேன் என்று தலையை ஆட்டினேன்.

பாட்டு ஓடியது. கல்யாண மண்டபத்தில், ஷேர் ஆட்டோவில், டீக்கடையில். எல்லாருக்கும் பிடித்தது அந்த உடைகிற இடம்தான். டிவி போட்டிகளில் பாடுகிறவர்கள் அதை உடைத்துக் காட்டினார்கள், நடுவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கோரஸில் மேடமும் நானும். அறைக்கு அவள் வருவது குறைந்தது. கடையில் ஆள் இல்லை, பஸ் கிடைக்கவில்லை என்று ஏதாவது சொல்வாள். பிறகு காரணம் சொல்வதும் நின்றது. டிரம்ஸ்காரன் ஒரு நாள் வந்து தன் டிரம்ஸைக் கழற்றி வேனில் ஏற்றினான். உதவி செய்யப் போன என்னிடம், "வுடு, நான் பாத்துக்கறேன்" என்றான். சண்டை எல்லாம் இல்லை. சண்டை போட்டிருந்தாலாவது நான் திருப்பிப் பேசியிருப்பேன்.

அதற்குப் பிறகு நான் ஊர் உலகத்துக்கெல்லாம் விருந்தாளி ஆனேன். இப்போது என் வசதிக்கு ஸ்கேல் மாற்றுகிறார்கள். உங்களுக்கு எவ்வளவு அண்ணா, ஏத்தலாமா இறக்கலாமா என்று கேட்பார்கள். எனக்கு முன்னால் யாரோ பாடி வைத்த டிராக் வரும். அதைக் கேட்டுப் படித்துவிட்டு என் குரலைப் போடுவேன். பாடியது யார் என்று எட்டு வருஷத்தில் நான் ஒருவரிடமும் கேட்டதில்லை. மேடத்துக்குக் கேட்கத் தோன்றியது எனக்குத் தோன்றவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டு வருஷம் தொண்டை கிழியக் கத்தியதற்குக் கூலி இந்த வருஷம் வந்தது. காலையில் எழுந்தால் குரல் இல்லை. செங்கல்பட்டில் காது மூக்கு தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நாணில் வீக்கம், இரண்டு மாதம் பாடக்கூடாது, முடிந்தவரை பேசவும் கூடாது என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். கீழேயே மருந்துக் கடை இருந்தது. நான் அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன்.

அவள் அங்கேதான் இருந்தாள். கொஞ்சம் பருத்திருந்தாள், கண்ணாடி போட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மாறவில்லை. சீட்டை வாங்கிப் படித்தாள். "தொண்டைக்கா?" என்றாள். தலையாட்டினேன். மாத்திரைகளை எடுத்துக் கத்தரிக்கோலால் வெட்டத் தொடங்கினாள்.

வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். குரல் சரியானதும் அந்தப் பாட்டைப் பழைய ஸ்கேலில் மறுபடி எடுக்கலாம், சரணமும் உனக்கு, உன் பெயரையும் போடுவோம் என்று சொல்வதாக இருந்தேன். உப்புத்தாளில் தேய்த்த மாதிரி ஒரு குரலில் சொன்னேன். மேடம் தேங்க்ஸ் சொன்னதையும் சொன்னேன், எட்டு வருஷம் கழித்து.

"பேசாதன்னு டாக்டர் எழுதிகீறாரு. நீ பேசினு இருக்கிற" என்றாள். பிறகு, "நான் இப்பலாம் பாடறதில்ல அண்ணாத்த. வூட்லயும் இல்ல. வுட்டுட்டேன்" என்றாள்.

அப்போதுதான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். உன் தொண்டையில் ஒன்றும் இல்லை. அன்றைக்கு நான் ஸ்கேலை ஏற்றிவிட்டேன். உன்னிடம் மறைத்துவிட்டேன். சொல்லும்போது எனக்குக் கண் கலங்கியது. அவள் அதிர்ந்துபோவாள், இத்தனை வருஷம் தன் குரலைத் தானே பழித்துக்கொண்டோமே என்று அழுவாள், திட்டுவாள், நான் வாங்கிக்கொள்ளவேண்டும் என்று தயாராக நின்றேன்.

அவள் மாத்திரைகளைக் கவரில் போட்டு, காலைக்கு ஒரு கோடு, மாலைக்கு ஒரு கோடு என்று பேனாவால் கிழித்தாள்.

"மறச்சியா? மொத மீஜிக்குலயே தெரிஞ்சிது" என்றாள். "ரெண்டு வருசம் பாடின பாட்டு. எனக்குத் தெரியாதா, எவ்ளோ ஏறிகீதுன்னு? உன்னத்தான நிமிந்து பாத்தேன்."

நான் கவரில் அவள் கிழித்திருந்த கோடுகளைப் பார்த்தேன்.

"பதினாலு தபா பாடினேன். எறக்குன்னு ஒரு வார்த்த நீ சொல்லுவன்னுதான் பாடினேன். அப்பறம் தொண்ட ரிப்பேருன்னேன், அதுக்காச்சும் இல்லன்னு சொல்லுவன்னு பாத்தேன்." கவரை என் பக்கம் நகர்த்தினாள். "கரண்டு போவலன்னா இன்னும் பாடியிருப்பேன்."

எனக்குப் பின்னால் ஒரு பெரியவர் சீட்டை நீட்டிக்கொண்டு நின்றிருந்தார். அவள் கையை நீட்டி அதை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படிக்க ஆரம்பித்தாள். நான் கவரை எடுத்துக்கொண்டு அவருக்கு வழிவிட்டு நகர்ந்தேன்.